வாசலுக்கு நேரே நின்ற புகைபோக்கி

எழுபதுகளின் நடுவில் புலம்பெயர்ந்து வந்த நாங்கள் நார்த்மீட் என்ற புறநகரில் வாங்கியது ஒரு பழைய பண்ணை வீடு. இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு குடியானவன், தன் ஊர் வீட்டை மனத்தில் வைத்துக் கட்டியது. முன்கதவைத் திறந்தால் மூக்கில் இடிப்பதுபோல் செங்கல் புகைபோக்கி நிற்கும். அதன் ஒருபுறம் விருந்தறை அடுப்பு, மறுபுறம் குசினி அடுப்பு. கூரையைத் தாங்கும் பெரிய மரவளையும் அதன்மேல்தான் கிடந்தது. எனக்கு அந்த வீடு பிடித்திருந்தது. மாரிக் குளிரில் அந்தச் செங்கல்லில் முதுகைச் சாய்த்தால் அடுப்பு அணைந்த பிறகும் சூடு இருக்கும்.

என் கணவருக்கு அந்தப் புகைபோக்கியைக் கண்டாலே ஆகாது. யாழ்ப்பாணத்து வீட்டில் முன்வாசலில் நின்றால் பின்வாசலால் கிணறு தெரியுமாம்.

“வாசலுக்கு நேரை சுவர் நிண்டா லட்சுமி எப்பிடி உள்ளுக்கு வாறது?”

வேலையில் உயர்வு கிடைக்காதபோதெல்லாம் புகைபோக்கியைத் திட்டுவார். அடி மட்டும் எனக்கு. செங்கல்லை அடித்தால் கை வலிக்குமே! ஒருமுறை என் கையை முறித்தார். அதன் பிறகு கட்டிலுக்குக் கீழே ஒரு பெட்டி அடுக்கி வைத்திருந்தேன். போகத்தான் துணிவு வரவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை சம்மட்டியோடு வந்தார்.

“அதிலைதானப்பா வளை இருக்குது. இடிச்சா தலையிலை விழும்,” என்றேன்.

“உனக்கு என்னடி தெரியும்?”

புறங்கையால் அறைந்தார். உதடு கிழிந்தது. பிறகு இடிக்கத் தொடங்கினார். செங்கல்லில் விழுந்த ஒவ்வொரு அடிக்கும் என் உடம்பு ஒடுங்கியது. பழகிய உடம்பு.

மதியத்துக்குள் ஆள் நுழையுமளவு ஓட்டை விழுந்தது.

“பார், பின்வாசல் தெரியுது!” என்று சிரித்தார்.

மேலிருந்த செங்கற்கள் பொலபொலவென்று கொட்டின. வளையின் ஒரு முனை இறங்கி அவர் காலை நசுக்கியது. எலும்பு முறியும் சத்தம் எனக்குப் புதிதல்ல.

“என்னை விட்டிட்டுப் போயிடாதை!” என்று அலறினார்.

பாவமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரியிடம் ஓடி ஆம்புலன்ஸுக்குச் சொல்லவைத்தேன். வந்தவர்கள் அவரை மீட்டு ஏற்றிக்கொண்டு போனார்கள். கூரை விழக்கூடும், உள்ளே போகாதே என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

நான் போனேன். பின்னறைக் கட்டிலுக்குக் கீழிருந்த பெட்டியை இழுத்தெடுத்துக்கொண்டு குசினிக்கு வந்தால், ஓட்டை வழியே முன்வாசலும் அதற்கப்பால் தெருவும் நேராகத் தெரிந்தன. செங்கல் குவியலில் ஏறி இறங்கினேன். லட்சுமி உள்ளே வருவதற்கென்று அவர் திறந்த வழியால் நான் வெளியே போனேன்.