கண்ணாடிக் கடைக்கு வந்த துணை

கண்ணாடியக்கா என்ற பெயரை அவளுக்கு யார் வைத்தார்கள் என்று கடைத்தெருவில் யாருக்கும் நினைவில்லை. தெரு திரும்பும் முனையில் உள்ள மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. பிறகு ஆனது. பிறகு அதுவும் இல்லை என்று ஆனது. கடை மட்டும் மாறவில்லை. லென்ஸை ஃபிரேமுக்குத் தக்கபடி தேய்ப்பாள், திருகு மாட்டுவாள், கம்பியைச் சூடு காட்டிக் காதுக்குப் பின்னால் வாகாக வளைத்துக் கொடுப்பாள். ஆள் உள்ளே நுழையும்போதே எந்தக் காது மேலே ஏறியிருக்கிறது, மூக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். "பொண்ணு பார்க்கப் போறவங்க உன்னையும் கூட்டிட்டுப் போகலாம், ஒரு கோணலும் தப்பாது" என்பார் முதலாளி.

இன்னொரு வேலையும் அவளுக்கு உண்டு. அதற்குச் சம்பளம் கிடையாது. விவாகரத்து முடிந்த கையோடு, வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், ஒரு வாரக்கடைசி வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். ஷாமன் என்ற சொல்லையே அங்குதான் முதலில் கேட்டாள். எங்கோ பனி பெய்கிற நாடுகளில் ஆதிகாலத்து மனிதர்கள் செய்ததை, இந்தக் காலத்துக்குத் தோதாக மாற்றிச் சொல்லித் தந்தார்கள். மேளத்தை ஒரே சீராகத் தட்டுவார்கள். கண்ணைத் துணியால் மூடிப் படுத்துக்கொண்டு, பூமிக்குக் கீழே இறங்குகிற ஒரு வழியை மனத்தில் பிடிக்க வேண்டும். கீழே நமக்கென்று ஒரு துணை நிற்கும். கேட்டதற்குப் பதில் சொல்லும். மேளம் வேகம் எடுத்தால் திரும்பிவிட வேண்டும்.

முதல் நாள் எல்லோரும் எழுந்து உட்கார்ந்து, தங்களுக்கு வந்த துணையைச் சொன்னார்கள். ஒருவருக்குக் கழுகு. வங்கியில் வேலை பார்க்கும் பெண்ணுக்குச் சிறுத்தை. பின்வரிசையில் ஒருவருக்குத் திமிங்கிலமே வந்திருந்தது. கடைசியில் இவள் முறை.

"எனக்கு ஒரு வழுக்கைத்தலை ஆள் வந்தாரு. சாம்பல் கலர் ஸ்வெட்டர் போட்டிருந்தாரு. ஒரு காது கிழிஞ்சிருந்துச்சு."

யாரோ பொத்துக்கொண்டு சிரித்துவிட்டார்கள். சொல்லித்தருகிற அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "எந்த உருவத்துல வந்தாலும் துணை துணைதான்" என்றார்.

அன்றிலிருந்து அவர்தான். ஒரு கட்டடத்தின் அடித்தளத்துக்கு இறங்கும் படிக்கட்டு அவளுடைய வழி. அது திரும்பும் இடத்தில் சுவரில் சாய்ந்து நிற்பார். வாயைத் திறக்கமாட்டார். தலையை ஆட்டுவார், அல்லது கையைக் காட்டுவார். வீடு மாறலாமா, அம்மாவின் நகையைப் பிரித்துக்கொள்ளலாமா, எல்லாம் அவரைக் கேட்டுத்தான். அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று பேர் வந்து தங்களுக்காகவும் கேட்கச் சொல்வார்கள்.

எல்லோரையும்விட அதிகமாக நம்பியது தங்கை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். நாளெல்லாம் அடுத்தவர் பிரேக்கை நம்பி உட்கார்ந்திருக்கிறவளுக்கு, நிச்சயமான ஓர் ஆள் தேவைப்பட்டார் போலும். "கிழிகாதுக்காரர் என்ன சொல்றாரு?" என்பாள் போனை எடுத்ததுமே. அவர் தலையை இடம் வலமாக ஆட்டினார் என்பதற்காக, நல்ல வேலையில் இருந்த ஒரு மாப்பிள்ளையை வேண்டாம் என்றவள்.

அந்தத் தங்கையின் கழுத்தில்தான் கட்டி வந்தது. ஊசி குத்திச் சோதித்துவிட்டு, சீக்கிரம் எடுத்துவிடுவதுதான் நல்லது, தள்ளிப்போட்டால் பரவ இடமுண்டு என்றார் டாக்டர். அறுவையில் குரல் நரம்பு பக்கத்தில் இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொன்னார். குரல் போனால் தன் பிழைப்பு போச்சு என்று தங்கை ஆடிப்போனாள். தங்கை மேளத்தைத் தட்ட, அக்கா கண்ணை மூடிப் படுத்தாள். அவர் படிக்கட்டின் குறுக்கே கையை நீட்டித் தடுத்தார். அதை அப்படியே வந்து சொன்னாள். தங்கை ஆஸ்பத்திரியில் வாங்கிய தேதியை ரத்து செய்துவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் எடுப்பதே இல்லை.

இப்படி இருக்கையில்தான் ஒரு மதியம், கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில், அவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

வழுக்கைத்தலை. சாம்பல் கலர் ஸ்வெட்டர். வலது காதின் மேல்விளிம்பில் விரல் நுழைகிற அளவுக்குக் கிழிசல். கால்மிதியில் செருப்பைத் தேய்த்துவிட்டு நேரே அவளிடம் வந்தார்.

"இந்தப் பக்கம் நிக்கவே மாட்டேங்குதும்மா. குனிஞ்சா சாப்பாட்டுத் தட்டுல விழுது" என்று கண்ணாடியைக் கழற்றி நீட்டினார்.

கண்ணாடியை வாங்கினாள். ஒரு திருகு விழுந்து உருண்டது. குனிந்து தேடுகிற சாக்கில் மேஜைக்கடியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்தாள். அவர் அங்கேயேதான் இருந்தார். மூக்குப்பொடி வாசனை அடித்தது.

புது லென்ஸ் வேண்டும் என்றார். இரண்டு கண்மணிக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்க வேண்டும். அளவுகோலை மூக்கின்மேல் வைத்து, ஒரு சாண் தூரத்தில் அவர் கண்ணுக்குள் பார்த்தாள். படிக்கட்டில் அந்தக் கண்களை அவள் சரியாகப் பார்த்ததே கிடையாது. இடது கண்ணில் புரை படர ஆரம்பித்திருந்தது. இவரையா, எதிரே இருப்பவர் ஆணா பெண்ணா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற இந்த மனுஷரையா, இத்தனை வருஷம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தோம்?

எங்கோ பார்த்திருக்க வேண்டும் என்று மனம் சப்பைக்கட்டு கட்டியது. பஸ்ஸில், வங்கியில், இதே கடையில். பார்த்த முகத்தை மேளச்சத்தத்தில் மனசு எடுத்து மாட்டிக்கொண்டிருக்கும். அப்படி நினைத்ததும் வெட்கமாகவும் இருந்தது, உயிரும் வந்தது.

"சாருக்குக் காதுல என்ன ஆச்சு, சின்ன வயசுலயா?"

"அட, போன வருஷந்தாம்மா. பேரனோட பந்து முள்கம்பி வேலிக்குள்ள போயிடுச்சு. பெரிய வீரன் மாதிரி தலையை விட்டேன். தலை வந்துடுச்சு, காது வரலை." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். "அதுவரைக்கும் நல்ல காதுதான்."

அவள் சிரிக்கவில்லை. வகுப்பில் முதல் நாள் சொன்னது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அப்போது இவருடைய காது முழுசாக இருந்திருக்கிறது. இவருடைய பேரன் பிறந்துகூட இருக்கமாட்டான்.

"சார், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

"என் தங்கச்சிக்குக் கழுத்துல கட்டி. டாக்டர் எடுக்கணுங்கறாரு. எடுக்கலாமா?"

"நான் கண்ணாடிக்கு வந்தவன்மா."

"தெரியும். இருந்தாலும் சொல்லுங்க."

"டாக்டரே எடுக்கணும்னு சொல்லியாச்சு, அப்புறம் என்னை எதுக்குக் கேக்கறே?"

"நீங்கதானே வேண்டாம்னு கையைக் காட்டுனீங்க."

வாய் தவறி வந்துவிட்டது. அவர் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார்.

"நானா? உன்னை இன்னிக்குத்தாம்மா பார்க்கறேன்." கடையின் உள்பக்கம் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, முதலாளி இருக்காரா?"

பில் போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டு, தலைவலி என்று சொல்லிக் கிளம்பினாள். தங்கை மைதானத்து ஓரம் பயிற்சிக் காரை நிறுத்திவிட்டு, அடுத்த ஆளுக்காகக் காத்திருந்தாள். அக்கா ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"உயிரோட இருக்காரா?" என்றாள் தங்கை. "நான் அவரைச் செத்துப்போன யாரோ பெரியவர்னு நெனச்சிட்டிருந்தேன்."

"பொடி போடறாரு."

"சாமி மாதிரி நெனச்சிருந்தேன்டி அக்கா. அந்த மாப்பிள்ளையைக்கூட..." முடிக்காமல் விட்டாள். "சரி, அவரு எடுக்கச் சொல்றாரா, வேண்டாங்கறாரா? கடையில ஒண்ணு சொல்றாரு, கீழே ஒண்ணு சொல்றாரு. நான் எதைக் கேக்கறது?"

"தெரியலை."

"தெரியலைன்னா போய்க் கேளு. இப்பவே. இல்லேன்னா ஆஸ்பத்திரிப் பக்கமே போகமாட்டேன்."

அடுத்த ஆளுக்கு நாளைக்கு வரச் சொல்லிவிட்டு அக்காவின் வீட்டுக்கு வந்தார்கள். அக்கா பாயை விரித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தங்கை பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து மேளத்தைத் தட்டினாள். எத்தனையோ தடவை தட்டிப் பழகிய கைதான். அன்று மட்டும் தாளம் அவ்வப்போது தடுமாறியது.

படிக்கட்டு இருந்தது. திருப்பத்தில் சுவர் இருந்தது. அவர் இல்லை. அவர் எப்போதும் நிற்பதால் அவள் தாண்டிப் போகாத இடம் அது. தாண்டிப் போனாள். இன்னும் படிகள், அதற்குக் கீழே இன்னும் படிகள். பில்லில் எழுதிய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவளுடைய குரல்தான் திரும்பி வந்தது. இத்தனை வருஷத்தில் அங்கே தனியாக நின்றதே இல்லை. கத்தி அழ வேண்டும்போல் இருந்தது. மேளம் வேகம் எடுத்தது.

கண்ணைத் திறந்தபோது தங்கையின் முகம் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. தாடைக்குக் கீழே அந்த வீக்கம், இவ்வளவு பக்கத்தில் பார்த்தபோது, போன வாரத்தைவிடக் கூடியிருந்தது. போகச் சொன்னார் என்று ஒரு வார்த்தை சொன்னால் தங்கை அந்த நிமிஷமே எழுந்துவிடுவாள். நாக்கு நுனிவரை வந்தது.

"என்ன சொன்னாரு?"

"அவர் வரலை."

"வரலையா? வரலைன்னா என்ன அர்த்தம்?"

"அர்த்தமெல்லாம் தெரியாது. வரலை." எழுந்து உட்கார்ந்தாள். "நான் வர்றேன். ஆஸ்பத்திரிக்கு உன்கூட நான் வர்றேன். அன்னிக்கு அவர் கையை நீட்டினது வேண்டாம்னுதானான்னுகூட எனக்கு இப்ப நிச்சயமில்லை. ஆனா இந்தக் கட்டி இங்கே இருக்கு, கண்ணால பார்க்கறேன். எடுத்துடலாம்டி. இதை அவர் சொல்லலை. நான் சொல்றேன்."

தங்கை மேளத்தை மடியிலிருந்து இறக்கவில்லை. அதன் தோலை உள்ளங்கையால் அழுத்தி வைத்துக்கொண்டிருந்தாள், தானாகவே சத்தம் போட்டுவிடுமோ என்பதுபோல.

"என் குரல் போயிட்டா?"

"போகலாம்."

"போகாதுன்னு சொல்லமாட்டியா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

தங்கை அழுதாள். அக்கா தேற்றவில்லை. கொஞ்ச நேரத்தில் தங்கை மூக்கைத் துடைத்துக்கொண்டு, எடுக்காமல் விட்ட ஆஸ்பத்திரி எண்ணைப் போனில் தேடிக் கூப்பிட்டாள். மணி அடிக்கும்போதே போனை அக்காவின் கையில் திணித்தாள்.

"நீயே பேசு. எனக்குக் குரல் வரலை."