வேதமுத்து எழுதிய இருபத்தேழு காரணங்கள்

பெரியவர்களின் வரலாறு அவர்கள் பிறந்த ஊரில் தொடங்குவது வழக்கம். மேனாம்பேட்டு வேதமுத்துவின் வரலாறு அம்பத்தூர் ரயில்வே கேட்டில் தொடங்குகிறது. 1967-ஆம் ஆண்டு மே மாதம் பதினேழாம் தேதி, தம் கல்யாணத்துக்காக அவரே தேர்ந்தெடுத்து, அவரே ஸ்பானர் பிடித்து, "ராமேஸ்வரம் வரைக்கும் போவும்" என்று அவரே கியாரண்டி தந்த வாடகைக் கார், மணப்பெண்ணோடு வந்து அந்தக் கேட்டில் நின்றது. ரயில் போயிற்று. கேட் திறந்தது. கார் போகவில்லை. மணப்பெண் ஞானகுமாரி, தலையில் வெள்ளை வலையோடு, ஒரு மாட்டு வண்டிக்கும் வைக்கோல் லாரிக்கும் நடுவே நடந்து சர்ச்சுக்குப் போய்ச் சேர்ந்தார்.

இதற்குச் சாட்சி மணப்பெண்ணின் அண்ணன் டேவிட். அவர் ஒவ்வொரு கிறிஸ்துமஸிலும் பிரியாணி முடிந்ததும் எழுந்து இந்தச் சாட்சியைச் சொல்லிவந்தார். முதல் கிறிஸ்துமஸில் ஞானகுமாரி நூறு கஜம் நடந்தார். 1980-ல் அது ஒரு மைல் ஆயிற்று. 1990-ல் மழையும் சேர்ந்துகொண்டது, மே மாதத்தில். குடும்பத்தில் யார் வீட்டு மின்விசிறி நின்றாலும், "மாப்ளே கியாரண்டி குடுத்த வண்டி மாதிரி நின்னுச்சு" என்று சொல்லும் அளவுக்கு விஷயம் வளர்ந்துவிட்டது.

வேதமுத்து சாதாரண ஆள் அல்ல. அம்பத்தூர் எஸ்டேட்டில் சைக்கிள் பெல் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மெயின்டனன்ஸ் பிட்டர். அங்கே ஒரு விதி உண்டு. நின்றுபோன மெஷினை மறுபடி ஓட்டுவதற்கு முன் பிரேக்டவுன் சீட்டு எழுத வேண்டும். சீட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அது காலியாக இருந்தால் மெஷின் ஓடக் கூடாது. இருபத்தைந்து வருடப் பழக்கத்தில் அவர் எதற்கும் உடனடியாக ஒரு காரணம் எழுதக்கூடியவராக ஆகியிருந்தார். வீட்டில் பால் திரிந்தாலும் எழுதுவார்.

அவருடைய கறையைத் துடைக்கக் காலம் அனுப்பிய வாகனம் வெள்ளானூரில் கிடந்தது. 1990-ல் அய்யாசாமி என்பவரின் கிணற்று மோட்டாரைப் பழுது பார்க்கப் போன இடத்தில் அதைக் கண்டார். இரண்டே இருக்கை, கூரை கிடையாது, தரையோடு தரையாகப் படுத்த சீமைப் பந்தயக் கார். யாரோ ஒரு துரை விட்டுவிட்டுப் போனது. நிறம் சிவப்பு என்று சொல்லக் கேள்வி. அப்போது அது கோழிக்கூண்டாகப் பதவி வகித்துவந்தது.

"எட்துக்க நைனா" என்றார் அய்யாசாமி. "ஆனா கோழிக்கு வேற ஊடு கட்டிக் குடுத்துட்டு எட்துக்க."

வேதமுத்து கோழிக்கு வீடு கட்டிக் கொடுத்தார். ஒரு கோழி மட்டும் இறங்க மறுத்தது. அது காரோடு டிராக்டரில் கட்டி இழுக்கப்பட்டு, கோவில்பதாகை வழியாக மேனாம்பேட்டுக்கு ஊர்வலமாக வந்து சேர்ந்தது.

பதினாறு மாதம் திருப்பணி நடந்தது. பெருச்சாளி தின்ற ஒயரை எல்லாம் உருவிப் போட்டுப் புதிதாக இழுத்தார். துரு பிடித்து இறுகியிருந்த பிரேக் சிலிண்டரை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழற்றினார். கூரைக்கு லாரி தார்ப்பாய், ஹாரனுக்கு ஸ்கூட்டர், பின்விளக்கில் ஒன்று ஆட்டோவுடையது, மற்றொன்று எதனுடையது என்று அவருக்கே தெரியாது. பெட்ரோல் முள் மட்டும் துரை காலத்திலேயே செத்துவிட்டதால், டாங்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு மூங்கில் குச்சி செதுக்கி வைத்துக்கொண்டார். 1991 செப்டம்பரில் வண்டி ஆவடி வரை போய், நிற்காமல் திரும்பியும் வந்தது. கோழியும் போய் வந்தது.

அன்று ஞானகுமாரி தம் நிபந்தனையை அறிவித்தார்.

"ஏங்க, வர்ற மே மாசம் நமக்கு இருபத்தஞ்சாவது வருசம். சர்ச்சுல ஸ்தோத்திர ஆராதனை வச்சிருக்கு. அன்னிக்கு இந்த வண்டி என்னைச் சர்ச்சு வாசல்ல எறக்கி உடணும். நடுவுல ஒரே ஒரு அடி நடந்தேன்னு வச்சிக்கோங்க, மறுநாள் காயலான் கடைக்காரன் தராசோட வருவான். கோழிய நான் கொழம்பு வச்சிடுவேன்."

"எங்கண்ணன் வேற வர்றாரு" என்று போகிறபோக்கில் சேர்த்துக்கொண்டார். இதுதான் உண்மையான நிபந்தனை.

இந்த இடத்தில் பக்கத்து வீட்டுப் பொன்னியம்மா வரலாற்றுக்குள் நுழைகிறார். எஸ்டேட்டில் மருந்துக் கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலை. அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. தம் புருஷனின் சைக்கிள், கிரைண்டர், அரிவாள்மனை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு மதில் வழியே எட்டிப் பார்த்தவர், அந்தச் சிவப்புக் கார் வெறும் நெற்றியோடு நிற்பதைக் கண்டு பொறுக்க மாட்டாமல் வந்துவிட்டார்.

"வேணாம் பொன்னி, நாங்க வைக்கிறதில்லியே" என்றார் ஞானகுமாரி.

"நீங்க வைக்க மாட்டீங்க, சரி யக்கா. வண்டி இன்னா பண்ணிச்சு? அதுக்கும் ஞானஸ்நானம் குடுத்துட்டீங்களா?"

காரை ஒருமுறை சுற்றி வந்த பொன்னியம்மா, பின்பக்கம் பெட்ரோல் டாங்கின் மூடியைக் கண்டார். வட்டமாக, பளபளவென்று, நடுவில் கடுகளவு ஒரு துளையோடு இருந்தது. "பாரேன், வெள்ளைக்காரன் பொட்டுக்கு எடம் வுட்டே செஞ்சிக்கிறான்!" என்று மகிழ்ந்து வைத்தார். சந்தனமும் குங்குமமும் மழையில் கரைந்ததால், அடுத்த வெள்ளிக்கிழமை ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினார். பின் ஒவ்வொரு வெள்ளியும் பழையதை எடுத்துப் புதியது.

வெள்ளைக்காரன் அந்தத் துளையை விட்டது பொட்டுக்காக அல்ல. டாங்கில் பெட்ரோல் குறையக் குறைய, அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். துளையை அடைத்தால் வண்டி கொஞ்ச தூரம் ஓடும். பிறகு பெட்ரோலை உறிஞ்ச முடியாமல் மூச்சு முட்டி நின்றுவிடும். வாசகர்கள் இதை இப்போதே தெரிந்துகொள்வதில் தவறில்லை. வேதமுத்து தெரிந்துகொள்ள ஏழு மாதம் ஆயிற்று. பொட்டை அவர் தினமும் பார்த்தார். ஆனால் அடுத்தவர் பக்தியில் கை வைப்பது அவர் குணத்தில் இல்லை. பொட்டு மத இலாகா, தம்முடையது மெக்கானிக் இலாகா என்று இருந்துவிட்டார்.

ஒவ்வொரு ஞாயிறும் வண்டியை எடுப்பார். கேட்டருகே நிற்கும். உடனே இறங்கி, மூடியைத் திறந்து, மூங்கில் குச்சியை விட்டுப் பெட்ரோல் பார்ப்பார். இருக்கும். மூடுவார். பிறகு பானெட்டைத் திறந்து ஏதாவது செய்வார்; வண்டி ஓடும். பிளக்கைத் துடைத்தால் ஓடியது. ஒயரை ஆட்டினால் ஓடியது. ஒருநாள் அலுத்துப்போய் வெறுமனே திட்டினார், அதற்கும் ஓடியது. டாங்க் திறக்கும்போதே காற்று உள்ளே போய்விட்டது என்பது தெரியாமல், வைத்தியம் பலித்ததாக நம்பி, கம்பெனி வழக்கப்படி சீட்டு எழுதினார்.

காரணம் 1: பெட்ரோலில் தண்ணீர். காரணம் 4: கண்டென்சர். காரணம் 9: கார்பரேட்டரில் கோழி இறகு. காரணம் 15: வெயில். காரணம் 16: வெயில் இல்லாமை. காரணம் 22: டேவிட் சைக்கிளில் எதிரே வந்தது. இப்படி, நட்சத்திரங்களின் கணக்கைப் போல இருபத்தேழு.

"இருபத்தேழு கோளாறும் சரி பண்ணியாச்சு" என்றார் வேதமுத்து. "இனிமே அதுல கோளாறு ஆவுறதுக்கு ஒண்ணும் பாக்கி இல்ல."

1992 மே பதினேழு ஞாயிற்றுக்கிழமை. வேதமுத்து கோட்டும் டையும் அணிந்தார். ஞானகுமாரி பட்டுப்புடவையின் கொசுவத்தைத் தோளில் ஊக்கால் குத்திக்கொண்டு ஏறினார். பொன்னியம்மா விடியற்காலையிலேயே வந்து, விசேஷ நாளென்று பழைய ஒரு ரூபாய் அளவில் புதுப் பொட்டு ஒட்டிவிட்டு, புருஷன் சைக்கிளில் சர்ச்சுக்குக் கிளம்பிவிட்டிருந்தார். வேதமுத்து மூங்கில் குச்சியை எடுத்தார்.

"கோட்டு போட்டுகினு கையில கம்பா? ஆடு மேய்க்கவா போறோம்? வச்சிட்டு வாங்க."

வைத்துவிட்டு வந்தார். கோழி இறக்கிவிடப்பட்டது. வண்டி புறப்பட்டது, கேட்டுக்கு இருபது கஜம் முன்னால் நின்றது.

பிளக்கைத் துடைத்தார். ஓடவில்லை. ஒயரை ஆட்டினார். ஓடவில்லை. திட்டினார். இருபத்தேழு வைத்தியத்தில் அங்கே செய்யக்கூடியதை எல்லாம் செய்தார். ரயில் போயிற்று. கேட் திறந்தது.

"இன்னா நைனா, ரெண்டு சீட்டு வண்டிக்கு நாலு பேர் தள்ளணுமா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு சைக்கிள்காரர் கடந்தார்.

ஞானகுமாரி கதவைத் திறந்து ஒரு காலை வெளியே நீட்டினார். கால் தார் ரோட்டுக்கு அரை அடி மேலே நின்றது.

"கால வைக்காத! ஒரு நிமிசம்!"

"இருபத்தஞ்சு வருசமா ஒரு நிமிசம்தான்."

வேதமுத்து யோசித்தார். எல்லா முறையும் செய்து இன்று செய்யாதது என்ன? குச்சி விடவில்லை. குச்சியும் இல்லை. சரி, கண்ணாலாவது பார்ப்போம் என்று பின்பக்கம் போய்க் குனிந்து மூடியைத் திருகினார். உஸ்ஸென்று சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை அவர் முன்பும் கேட்டதுண்டு. பெட்ரோல் ஆவி வெளியே போகிறது என்று நினைத்துக்கொள்வார். ஆனால் இன்று அவர் கழுத்தில் டை இருந்தது. மூடி இடுக்கில் அதன் நுனி சர்ரென்று உள்ளே இழுக்கப்பட்டது.

ஆவி வெளியே போகிறதென்றால், டை ஏன் உள்ளே போகிறது?

மூடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம் துளை. வெளிப்பக்கம் பொட்டு. ஏழு மாதமும் இருபத்தேழு சீட்டும் அவர் கண்முன் வரிசையாக ஓடின. பொட்டை உரிக்க நகத்தை வைத்தார்.

"அதுல கை வைக்காதீங்க!" என்றார் ஞானகுமாரி, காலை இறக்காமலே. "பொன்னி அங்க வாசல்ல நிக்கிறா. இன்னிக்குன்னு பார்த்து வச்சி உட்டிருக்கா. வெறும் நெத்தியோட போய் நின்னா அவ மனசு இன்னா ஆவும்?"

"அது இருந்தா வண்டி போவாதும்மா!"

"இங்க குடுங்க."

மூடியை வாங்கி, தோளிலிருந்து ஊக்கைக் கழற்றி, பொட்டின் நடுவில் ஒரே குத்து. வெளிச்சம் தெரிகிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். தெரிந்தது. வேதமுத்து மூடியை மாட்டினார். வண்டி பிடித்தது. ஞானகுமாரியின் கால், தரையைத் தொடாமலே உள்ளே போயிற்று.

சர்ச்சு வாசலில் டேவிட் பதினோரு உறவினர்களைச் சேர்த்து வைத்து, "அப்ப மழைன்னா மழை..." என்ற கட்டத்தில் இருந்தார். கார் வந்து நின்றது. அவர் காரைப் பார்க்கவில்லை. அதற்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"மாப்ளே, பின்னால தள்ளிகினு வந்தவங்க எங்க?"

"யாரும் வரல மச்சான். ராமேஸ்வரம் போவணுமா, ஏறு."

ஞானகுமாரி ஒரு கையால் தோள் கொசுவத்தைப் பிடித்தபடி, சர்ச்சின் முதல் படியிலேயே காலை வைத்து இறங்கினார். பொன்னியம்மா நேராக வண்டியின் பின்பக்கம் போனார். பொட்டு இருந்தது. நடுவில் ஓட்டையும் இருந்தது.

"யக்கா! காது குத்தினு வந்துட்டீங்களா? ஒரு வார்த்தை சொல்லலியே! தாய்மாமன் மடியில வச்சில்ல குத்தணும்?"

எல்லோரும் டேவிட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். ஞானகுமாரியின் கார் என்றால் அதற்குத் தாய்மாமன் அவர்தான். முறை என்றால் முறை. பொன்னியம்மா விடவில்லை. டேவிட் வண்டியில் உட்கார்த்தப்பட்டு, மடியில் பெட்ரோல் மூடியை ஏந்தியபடி போட்டோ எடுக்கப்பட்டார். அதுவரை டாங்க் திறந்தே இருந்ததால் இன்ஜின் என்றுமில்லாத சுத்தமாக ஓடிக்கொண்டிருந்தது.

அந்த டிசம்பரில் பிரியாணிக்குப் பிறகு டேவிட் எழுந்தபோது, ஞானகுமாரி அந்தப் போட்டோவை எடுத்து மேஜை மேல் வைத்தார். அவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

வேதமுத்து மறக்காமல் இருபத்தெட்டாவது சீட்டும் எழுதினார். காரணம்: காது குத்தாமல் விட்டது. முந்தைய இருபத்தேழில் எதையும் அவர் கோடு போட்டு அடிக்கவில்லை.