சத்தம் போடாத டேப்பட்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, விழுப்புரத்தில் என் வீட்டு வாசலில் பழைய புல்லட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மாடியில் குடியிருக்கும் பேங்க்காரத் தம்பி இறங்கி வந்து, "அண்ணே, வண்டி ரொம்ப சத்தம் போடுது. டேப்பட்ட கொஞ்சம் டைட் பண்ணிடுங்களேன்" என்றான். நல்ல மனுஷன், அக்கறையாகத்தான் சொன்னான். எனக்குத்தான் சுர்ரென்று ஏறியது. அவன் மேல் இல்லை, வேறு ஒருத்தன் மேல்.

டேப்பட் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எஞ்சினில் பெட்ரோல் உள்ளே வர ஒரு வால்வு, புகை வெளியே போக ஒரு வால்வு. அவற்றைத் திறந்து மூடுகிற கம்பிக்கு அடியில் இருக்கிற திருகு சமாச்சாரம்தான் டேப்பட். வலது பக்கம் சின்ன மூடி, ஒரே நட்டு. கழற்றினால் கருகின ஆயில் வாசனை மூக்கில் ஏறும். எஞ்சின் ஆறியிருக்கும்போது வைக்க வேண்டும். கம்பி இரண்டு விரலுக்கு லேசாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. கொஞ்சம் தளர்ந்திருந்தால் டிக் டிக்கென்று சத்தம் வரும், வண்டி பிழைத்துக்கொள்ளும். இறுக்கிவிட்டால் சத்தமே இருக்காது. ஆனால் வால்வு முழுசாக மூடாமல் எரிந்துபோகும்.

அந்த ஆயில் வாசனை என்னை எப்போதும் திண்டிவனத்துக்குத்தான் இழுத்துப்போகும். இருபத்து மூன்று வயதில் அங்கே ஒரு பம்புசெட் ஏஜென்சியில் வேலை பார்த்தேன். அப்பாவின் புல்லட்டில் ஊர் ஊராகப் போய் மோட்டார் விற்க வேண்டும். கண்டாச்சிபுரம் பக்கம் முழுக்க என் லைன். முதலாளியின் பேரைச் சொல்ல மாட்டேன். பயம் இல்லை, அந்தப் பேரை என் கையால் எழுத இஷ்டமில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றே எங்கள் நாலு பேரின் ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டையும் வாங்கி, கிளியனூரில் தன் வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார். "எங்கிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்ப்பா." நாங்களும் தலையாட்டிக்கொண்டு கொடுத்தோம். மாடுகூடத் தன் கயிற்றைத் தானே எடுத்து நீட்டாது.

மூன்று வருஷம் கழித்து, ஒரு அரசு ஆபீஸிலிருந்து என் வீட்டு விலாசத்துக்கு இன்டர்வியூ கார்டு வந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒரிஜினலோடு விழுப்புரத்தில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை கிடையாது. மூன்று தடவை கிளியனூர் போனேன். மூன்று தடவையும் பீரோ பூட்டியிருந்தது. "இப்பத்தான் பாண்டிக்குப் போனாரு" என்பார் முதலாளியின் சம்சாரம். நாற்காலிக்குப் பக்கத்தில் காபி டம்ளர் ஆவி விட்டுக்கொண்டிருக்கும்.

என்னோடு வேலை பார்த்த செல்வராஜ்தான் போட்டு உடைத்தான். "யோவ், ஒன் வண்டி டிக்கு டிக்குன்னு வர்றது அந்தாளுக்குத் தூரத்துலயே கேக்குதுய்யா. ஜல்தியா பீரோவ பூட்டிக்கினு தோட்டத்துப் பக்கம் போயிடறாரு. மோட்டார் எறக்கப் போனப்ப என் கண்ணால பாத்தேன்."

வண்டியைத் தூரத்தில் விட்டுவிட்டு நடந்து போயிருக்கலாமே என்பீர்கள். போனேனே. ரெண்டு பக்கமும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லை, நடந்து வருகிறவன் தலை அரை மைலுக்குத் தெரிகிறது. அன்றைக்கும் பாண்டிதான். ஆனால் அந்த ரோட்டில் வண்டிகள் போய்க்கொண்டே இருக்கும், புல்லட்டும் போகும். டப் டப் எல்லா புல்லட்டுக்கும் பொது. டிக் டிக் மட்டும்தான் என்னுடையது.

வியாழக்கிழமை விடிந்ததும் டேப்பட் மூடியைக் கழற்றினேன். கம்பி விரலுக்கு முரண்டு பிடிக்கிற வரைக்கும் இறுக்கினேன்.

"வால்வு எரிஞ்சிடும்யா" என்றான் செல்வராஜ், வாயில் பல்பொடி நுரையோடு.

"எரியட்டும்."

"ஒங்கப்பா வண்டிய்யா."

"எங்கப்பா வண்டிதான? எரியட்டும்."

துண்டால் முகத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். எண்ணெய் போட்ட கதவு மாதிரி போனது வண்டி. முதலாளி வாயில் இட்லியோடு உட்கார்ந்திருந்தார், பின்னால் பீரோ திறந்து கிடந்தது. துண்டை அவிழ்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "வண்டிய மாத்திட்டியா?"

நேராகப் பீரோவுக்குப் போனேன். ஒரே கவரில் நாலு பேருடையதும் இருந்தது. கவரோடு எடுத்தேன்.

"ஒன்னுத மட்டும் எடு! மத்ததுல கைய வெக்காத. நீ போய்ட்டா கண்டாச்சிபுரம் லைன எவன்டா பாக்கறது?"

"நீ போய்ப் பாரு."

முதல் தடவையாக நீ என்றேன். இன்றைக்கும் அது நாக்கில் இனிக்கிறது. சட்டையைப் பிடித்தார். சமையல்கட்டிலிருந்து அவர் சம்சாரம், "உடுங்க அந்தப் புள்ளய! அவனவன் படிச்சது அவனவனுக்கு" என்று கத்தினார். என் சட்டையில் ரெண்டு பட்டன் போனது. கவர் என்னிடம்.

திண்டிவனத்தில் வைத்து மூன்று பேருக்கும் அவரவர் பங்கைப் பிரித்துக் கொடுத்தேன். செல்வராஜின் மார்க் ஷீட்டுக்குள் ஒரு கார்டு மடித்து வைத்திருந்தது. எனக்கு வந்த மாதிரியே, அவன் பேருக்கு. கடை விலாசத்துக்கு வந்து, முதலாளி கைக்குப் போயிருக்கிறது. தேதி தாண்டி ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. அதற்குள் அவனுக்கு வயசு வரம்பும் தாண்டிவிட்டது. செல்வராஜ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கிழிச்சாவது போட்டிருக்கலாம்" என்றான்.

நான் விழுப்புரத்துக்குக் கிளம்பினேன். விக்கிரவாண்டி வருவதற்குள் வண்டி இருமி, சைலன்சரில் வெடித்து, நின்றுவிட்டது. கிக்கரை மிதித்தால் கால் வெறுமனே இறங்கியது, வால்வு எரிந்துவிட்டது. ரோட்டோரச் சாப்பாட்டுக் கடையில் சாய்த்துவிட்டு லாரி ஏறினேன். மறுநாள் வரிசையில் நின்றேன். வேலை கிடைத்தது. மாசம் முடிவதற்குள் மற்ற மூன்று பேரும் கடையை விட்டுப் போனார்கள். அந்த ஆள் தானே வெயிலில் மோட்டார் விற்க அலைகிறார் என்று கேள்விப்பட்ட அன்று பிரியாணி வாங்கித் தின்றேன். என் வால்வுக்கு அது சரியாகப் போயிற்று. செல்வராஜின் கார்டுக்குப் போகவில்லை.

ரோட்டை அகலப்படுத்த அந்தப் பம்புசெட் கடையை இடித்தபோது லீவு போட்டுப் போய், எதிரில் டீ குடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். சொல்ல வெட்கமில்லை. அந்த ஆள் செத்தபோது 'ஏழைகளின் வழிகாட்டி' என்று ஊர் முழுக்கப் போஸ்டர். கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கிவிட்டு அரிசி மில்லில் மூட்டைக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்த செல்வராஜ், கையில் மாலையோடு என்னைக் கூப்பிட வந்தான். "செத்துட்டாருய்யா, உடு." நான் போகவில்லை.

இப்போது கடை இல்லை. கிளியனூர் வீடு கைமாறிவிட்டது. சட்டையை விடச் சொன்ன அந்த அம்மாவும் இல்லை. போன வருஷம் செல்வராஜும் போய்விட்டான். அவனுக்கு அப்படி ஒரு கார்டு வந்தது என்று தெரிந்த ஆள் இந்த உலகத்தில் இனி நான் ஒருவன்தான். அவன் மன்னித்தான் என்றால் அது அவன் இஷ்டம். நான் மன்னிக்கவில்லை.