குலம் அண்ணையும் எங்கள் தோற்காத ரீமும்

குலம் அண்ணை போய்விட்டார். காலையில் வற்ஸ்அப்பைத் திறந்தால் அவருடைய படம்...

"நல்ல மனிதர்" என்று எல்லோரும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நல்ல மனிதர் இல்லை. கேட்டிருந்தால் அவரே சிரித்திருப்பார்.

கனடாவில், மிசிசாகாவில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் ஒன்றாக வேலை செய்தோம். நாங்கள் இருந்த மல்வேர்னிலிருந்து அவர் ஓட்டும் வான் வண்டியில்தான் போவோம். 401 நெடுஞ்சாலையில் ட்ராபிக் இறுகினால் வாயைத் திறப்பார்.

ஒருநாள் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர் ஆசையாகத் தன் கலியாணப் படத்தைக் காட்டினார். அண்ணை வாங்கிப் பார்த்தார். "பொம்பிளை பாவம்" என்று திருப்பிக் கொடுத்தார்.

அந்த வாய்தான் எங்கள் லீக்கின் தெரிவுக் கொமிற்றிக்கும் தலைவர்.

தெரியாதவர்களுக்கு... யாழ்ப்பாணக் கல்லூரிகளின் பழைய மாணவர்கள் இங்கே கோடை முழுக்க உதைபந்து விளையாடுவோம். ரீம்கள் அதிகம், எல்லோரும் எல்லோருடனும் மோத நாள் காணாது. அதனால் யார் யாரை வென்றார்கள் என்று பார்த்து நாலு ரீமைக் கொமிற்றியே செமி-பைனலுக்கு எடுக்கும்.

எங்களுடையது தீவுப்பகுதியில் ஒரு சின்னக் கல்லூரி. அந்த வருடம் ஒரு மட்ச்கூடத் தோற்கவில்லை.

கோல் காக்கும் கோலி தயா. கூரை வேலை செய்பவன், அப்போதே நாற்பது தாண்டிவிட்டது, ஒரு முழங்கால் சரியில்லை. அவனுடைய அப்பா ஊரிலிருந்து விசிற் விசாவில் வந்திருந்தார். யுத்தத்தோடு ஊரை விட்டு வெளிக்கிட்டவன் தயா. அவன் விளையாடி அப்பா கண்டதேயில்லை. செமி-பைனலுக்குக் கூட்டிக்கொண்டு போவதாக அவருக்குச் சொல்லி வைத்திருந்தான்.

மண்டபத்தில் நாலு பெயரையும் வாசித்தார்கள். நாங்கள் இல்லை. இரண்டு மட்ச் தோற்ற பெரிய கல்லூரி ஒன்று இருந்தது.

எழும்பிக் கேட்டேன். "அண்ணை, நாங்கள் ஒருதரோடையும் தோக்கேல்லையே?"

"ஆரோட தோக்கேல்லை? வண்டி வயித்தைத் தூக்கிக்கொண்டு ஓடேலாத ஆக்களோட."

"உந்த அட்டவணையைப் போட்டது நீங்கள்தானே?"

"ஓம். பெரிய கல்லூரியள் உங்களோட விளையாட மாட்டமெண்டிட்டினம். வெண்டால் பேர் இல்லை, தோத்தால் மானம் போகுமாம்."

"அது எங்கட பிழையே?"

"பிழை எண்டு ஆர் சொன்னது? நீங்கள் என்ன சாமான் எண்டு தெரியாது. தெரியாத சாமானைச் செமி-பைனலுக்கு விடேலாது. இரு."

மண்டபமே சிரித்தது. தயா பின்கதவால் போய்விட்டான்.

அடுத்த நாள் வானில் கெஞ்சினேன். "தயாவின்ர அப்பா போக முந்தி ஒரு மட்ச் எண்டாலும் ஒழுங்கு செய்து தாங்கோ. ஆரோட எண்டாலும் பரவாயில்லை."

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "ஆரோட எண்டாலும்?"

"ஓம் அண்ணை."

பைனல் முடிய, சாம்பியனோடு எங்களுக்கு மட்ச் போட்டார்.

ஒக்ரோபர் கடைசி, காது விறைக்கும் குளிர். வரமாட்டோம் என்ற சாம்பியன் ரீம்காரருக்கு ஒவ்வொருவராக ரெலிபோன் எடுத்து முழு ரீமையும் இறக்கியிருந்தார். "இரக்கம் பாத்து விளையாடினியளோ, அடுத்த வருசம் என்ர மூஞ்சையிலை முழியாதேங்கோ" என்றும் சொன்னாராம். இது பிறகுதான் தெரிந்தது.

ஏழு - பூச்சியம்.

தயாவின் அப்பா இரவல் ஜக்கெற்றுக்குள் சுருண்டு மடக்குக் கதிரையில் இருந்தார். தயா ஒவ்வொரு முறையும் பந்தை எடுக்க வலைக்குள் குனியும்போது வேறு பக்கம் பார்ப்பார். ஐந்தாவது கோலுக்குப் பிறகு அதையும் விட்டுவிட்டார்.

முடிந்ததும் குலம் அண்ணை நேரே அவரிடம் போனார். "ஐயா, உங்கட மகன் இல்லாட்டிப் பதினைஞ்சு விழுந்திருக்கும்."

"அவங்கள் ஆர்?"

"சாம்பியன்."

"அப்ப ஏன் தம்பி அவங்களோட இவங்களைக் கொண்டந்து விட்டனீர்?"

அண்ணை என் பக்கம் கையைக் காட்டினார். "இவன்தான் கேட்டவன்."

தயா கையுறைகளைக் கழற்றிப் புல்லிலேயே போட்டுவிட்டு அப்பாவைக் காரில் ஏற்றினான். அதற்குப் பிறகு அவன் விளையாடவில்லை. ரீமும் கலைந்தது. அப்பா ஊருக்குப் போய், அடுத்த மாரிக்கு முதல் காலமானார். தயாவுக்குச் செத்தவீட்டுக்குப் போகக் கிடைக்கவில்லை.

போன மாதம் அண்ணையை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். என்னுடைய கார் கராஜில் நின்றதால் தயாதான் கொண்டுபோய் விட்டான்.

அண்ணை பாதியாகியிருந்தார். வாய் மட்டும் அப்படியே.

"ஆர் ஏத்திக்கொண்டு வந்தது?"

"தயா. கீழை காருக்கை இருக்கிறான்."

"மேல வரமாட்டானாமோ?"

"மாட்டானாம்."

தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்தார். "செமி-பைனலுக்கு விட்டிருந்தாலும் உங்களுக்கு உதுதான் நடந்திருக்கும்."

"தெரியும் அண்ணை."

"அவனுக்கும் தெரியுமோ?"

"அவனுக்குத்தான் முதல் தெரியும்."

"அப்ப ஏழு வாங்கினவனுக்கு என்னடா இவ்வளவு ரோசம்?"

சிரித்தார். சிரிப்பு இருமலாகி நிற்கவில்லை. நேர்ஸ் ஓடி வந்து என்னை வெளியே போகச் சொன்னார். அதுதான் நான் அவரைக் கடைசியாகக் கண்டது.

 

இன்று காலை தயாவுக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"கூரையிலை நிக்கிறன். சொல்லு."

"குலம் அண்ணை செத்திட்டார்."



"நான் அழவேணுமோ?"

"இல்லை."

"அப்ப போனை வை. வேலை கிடக்கு."

குலம் அண்ணை... நாளைக்கு உங்களைப் பார்வைக்கு வைக்கிற இடத்துக்கு வாறன். தனியத்தான் வருவன்.

போயிட்டு வாங்கோ.