முப்பத்திரண்டாம் எண்ணின் உள்பக்கம்

டார்லீன் புரூயிட்டுக்கு அன்று காலையிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை. கிளேட்டன் ஓகில்ஸ்பி வீட்டுக்கு வருகிறார். ஐம்பது வருடத்துக்கு முன் டெரி ஹோட் ஊருக்கென்று இருந்த கூடைப்பந்து அணியில் முப்பத்திரண்டாம் எண் போட்டு ஆடியவர். அந்த ஜெர்சி இப்போது டார்லீனிடம். அதைப் பார்க்கத்தான் வருகிறார். அவர் போட்டு ஆடியதுதான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அவர் வாயாலேயே ‘இல்லை’ என்று வந்துவிட்டால்?

பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டே பழைய ஜெர்சிகளைச் சேர்த்து வந்தாள். கடையில் தொங்கும் புது ஜெர்சியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். ஆட்டக்காரன் போட்டு ஆடியிருக்க வேண்டும். வேர்வைக் கறையும் கிழிசலும் அப்படியே இருக்க வேண்டும். துவைத்தால் மகாபாவம்.

“நாத்தம் புடிச்ச பனியனுக்குக் கண்ணாடிப் பெட்டி. எனக்கு ஒரு நல்ல நாற்காலிக்கு வழியில்ல,” என்பான் கணவன் ராய்.

“நீயும் வேர்த்து ஒழுக ஒரு நாள் ஆடு. உன்னையும் பெட்டில வைக்கிறேன்.”

அணியில் தைத்த தையல் தவிர வேறு ஒட்டு எதுவும் ஜெர்சி சேகரிப்புக்காரர்களுக்கு ஆகாது. முப்பத்திரண்டாம் எண் ஜெர்சியின் கீழ் மடிப்புக்குள் நீலக் கட்டம் போட்ட துணித்துண்டு ஒன்று இருந்தது. அதைப் பார்த்து யாராவது போலி என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, போன குளிர்காலத்தில் பிரித்தெடுத்துவிட்டாள். எறிய மனம் வராமல் உறையில் போட்டு மேசை இழுப்பறையில் வைத்தாள்.

ஓகில்ஸ்பி தலை குனிந்துதான் வாசலில் நுழைய முடிந்தது. காபி வேண்டாம் என்றுவிட்டார். ஜெர்சியைக் கையில் வாங்கியவர் எண்ணைப் பார்க்கவில்லை. உள்பக்கத்தைத் திருப்பி, கீழ் மடிப்பை விரலால் தடவினார். மறுபடியும் தடவினார்.

“இது என்னோடது இல்லம்மா.”

“எப்படிச் சொல்றீங்க, சார்?”

“என் தம்பி வெர்னன் ஆத்துல போயிட்டான். அவன் சட்டையில ஒரு துண்ட வெட்டி எங்கம்மா இங்க தச்சு வச்சாங்க. ஃப்ரீ த்ரோன்னு தனியா நின்னு பந்து போடறப்பல்லாம் அதத் தொட்டுட்டுத்தான் போடுவேன். இதுல அது இல்லையே.”

அவருடையதுதான்! அவளுக்கு ஒரு கணம் துள்ள வேண்டும் போலிருந்தது. அடுத்த கணம் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சும்மா இருந்தால் அவர் போய்விடுவார். ராய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் எழுந்துபோய் இழுப்பறையைத் திறந்தாள்.

“நான்தான் பிரிச்சேன். போலின்னு சொல்லிடுவாங்களோன்னு பயந்துட்டேன்.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. துண்டை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் மெல்லத் தேய்த்தார்.

“ஜெர்சி அணி குடுத்தது. உன்கிட்டயே இருக்கட்டும். இத நான் கொண்டுபோறேன்.”

ஜெர்சி அவருடையது என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அந்தத் துண்டுதான். டார்லீன் சரியென்று தலையாட்டினாள். அவர் போன பிறகு ராய் எந்தக் கேலியும் பேசாமல் பெட்டியை மூடினான்.

அடுத்த வாரம் ஒரு சேகரிப்புக்காரர் வந்து கண்ணாடியைத் தட்டிக் கேட்டார்: “முப்பத்திரண்டு அசல்தானா?”

“அசலாத்தான் இருந்துச்சு,” என்றாள். “நான்தான் கெடுத்துட்டேன்.”