சொன்ன தூரம்

காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு பிரஸ் கம்பெனி. அங்கே இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் ஜெயராஜ் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருந்தார். வாஷர், கிளிப், பிராக்கெட் எது வந்தாலும் அளந்து பார்த்து, சரியானதை நீல டப்பாவிலும் தவறியதைச் சிவப்பு டப்பாவிலும் போட வேண்டும். அளக்காமல் அவர் வாயிலிருந்து ஒரு எண்ணும் வந்ததில்லை. பக்கத்து மிஷினில் இருக்கும் லோகு நேரம் கேட்டால்கூட, சுவர்க் கடிகாரத்தையும் கைக்கடிகாரத்தையும் ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தோற்றுக்கொண்டிருந்ததும் அதனால்தான்.

மணவாள நகரில் ஹனீபின் ஜெராக்ஸ் கடையில் ஞாயிறு மதியம் பாதி ஷட்டர் இறங்கிவிடும். ஹனீப் பழவேற்காட்டுக்காரர். சிங்கப்பூரிலிருந்து மச்சான் கொண்டுவந்து விற்கக் கொடுத்த விளையாட்டுப் பெட்டி ஒன்று கடையில் விலைபோகாமல் கிடந்தது. கட்டைவிரல் உயரத்தில் பச்சைச் சிப்பாய்கள், சாம்பல் சிப்பாய்கள், ஆளுக்கு இரண்டு பீரங்கி, ஒரு விதிப்புத்தகம். அடையாள அட்டையை லேமினேஷன் செய்ய வந்த ஜெயராஜிடம் அதைப் பிரித்துக் காட்டி, "ஆடிப் பாக்கலாமா வாத்யாரே" என்று ஹனீப் கேட்டது 2004 கோடையில். அன்றிலிருந்து கடையின் பின்பக்கத்துப் பிளைவுட் பலகைதான் போர்க்களம். காகித ரீம்கள் குன்றுகள்.

எதிரியின் இரண்டு பீரங்கிகளையும் வீழ்த்தியவர் ஜெயித்தார். ஆனால் சுடுமுன் தூரத்தை வாயால் சொல்லிவிட வேண்டும், இன்ச்சில். அதன் பிறகே எதிராளி டேப்பை எடுப்பார். சொன்ன தூரத்தில்தான் குண்டு விழும்.

"சொல்லு வாத்யாரே."

"இரு பாய்."

"இருந்துகினே இருந்தா அசர் தொழுகைக்கு பாங்கு சொல்லிருவாங்க."

"பதினஞ்சு. இல்ல, பதினாறு."

ஹனீப் அளந்தார். "இருவது. நடுவுல நின்னுகினு இருந்த உன் ஆளுதான் போயிட்டான். பாவம், இன்னா குத்தம் பண்ணான் அவன்?"

வீரர்களை நகர்த்துவதில் ஜெயராஜ் மோசமில்லை. குன்றின் மறைவில் ஒதுக்குவார், பக்கவாட்டில் கொண்டுபோய் வளைப்பார். எண்ணைச் சொல்லும் இடத்தில்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அவர் இருந்தது மாடியில் ஒற்றை அறை. அம்மா இறந்தபின் பெண் பார்க்கிற பேச்சை யாரும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. அந்த அறையில்தான் பயிற்சியைத் தொடங்கினார். கட்டிலிலிருந்து அடுப்புக்கு, ஜன்னலிலிருந்து காலண்டருக்கு. முதலில் வாய்விட்டுச் சொல்வார், பிறகு அளப்பார். ஒரு நோட்டில் இரண்டு பத்திகள்: சொன்னது, இருந்தது.

கம்பெனியில் சாப்பாட்டு நேரத்திலும் அது தொடர்ந்தது. டிபன் பாக்ஸிலிருந்து தண்ணீர்க் குடம்வரை டேப்பை நீட்டியவரைப் பார்த்து லோகு சொன்னான்: "இன்னாணா, கொடத்துக்கு சட்டை தைக்கப் போறியா?"

ஒரு வருஷத்தில் தவறு நாலு இன்ச்சிலிருந்து ஒன்றுக்கு வந்தது. நோட்டைப் புரட்டியபோது ஒரு விஷயம் பிடிபட்டது. வெறும் தரையில் அவர் சொல்வது சரியாக இருந்தது. நடுவில் செம்போ தலையணையோ இருந்தால் எண் கூடிவிடுகிறது. கண் அதன்மேல் ஏறி இறங்குகிறது. நடுவில் ஏதாவது இருந்தால் ஒன்றைக் கழித்துக்கொள் என்று எழுதி அடிக்கோடிட்டார்.

ஆட்டங்கள் இழுபட ஆரம்பித்தன. ஹனீப் ஒரே ஒரு பீரங்கியோடு தப்பித்து ஜெயித்த வாரங்கள் வந்தன. "கண்ணுல டேப்பு வெச்சிகினு வரான் மனுசன்" என்பார்.

2006 பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, சிப்பாய்களை அடுக்கிக்கொண்டே ஹனீப் சொன்னார். "ஷார்ஜாவுல தம்பி கட வெச்சிக்கிறான்ல, அங்க கூப்புட்றான். விசா வந்துருச்சி. இந்தக் கடைய செல்போன் ரீசார்ஜுக்கு கேக்குறாங்க."

"எப்போ?"

"அடுத்த வியாழன்."

ஜெயராஜ் தன் பீரங்கிகளை எடுத்து வைத்தார். ஒருமுறையாவது ஜெயிக்க வேண்டும், இன்றைக்கே ஜெயிக்க வேண்டும். அது மட்டும்தான் மனதில் இருந்தது.

நன்றாக ஆடினார். நாலு மணிக்குள் ஹனீபின் ஒரு பீரங்கி போயிற்று. மற்றது இரண்டு ரீம் குன்றுக்குப் பின்னால் இருந்தது. ஜெயராஜிடமும் ஒன்றுதான் மிச்சம். அடுத்து ஹனீப் சுட்டால் அதுவும் போகும். ஷட்டர் இடைவெளி வழியாக யாரோ, "பாய், ஜெராக்ஸ் கீதா?" என்று கேட்டார்கள். "மிஷினு தூங்குது" என்றார் ஹனீப்.

ஜெயராஜ் கண்ணால் அளந்தார். வியாழக்கிழமையும் நினைவுக்கு வந்தது.

"இருபத்திநாலு."

சொன்னவுடன் தெரிந்துவிட்டது. குன்றுக்காக ஒன்றைக் கழிக்கவில்லை.

ஹனீப் டேப்பை எடுத்தார். இத்தனை வாரமும் குன்றுக்கு மேலாக விறைப்பாகத் தூக்கிப் பிடித்துத்தான் அளப்பார். இன்று ரீம்களின்மேல் படியவிட்டார். டேப் ஏறி, இறங்கி, பீரங்கியின் சக்கரத்தைத் தொட்டது.

"இருபத்திநாலு. கரெக்டு" என்றார், நிமிராமலே. "எடுத்துக்க வாத்யாரே. ஆட்டம் உன்து."

ஜெயராஜ் டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையாட்டினால் போதும்.

"பாய், மேல தூக்கிப் புடி."

"உடேன் ஜெயராஜு." ஹனீப் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"தூக்கிப் புடி."

விறைப்பாகப் பிடித்தபோது இருபத்திமூன்று. குண்டு பீரங்கியைத் தாண்டி வெறும் பிளைவுட்டில் விழுந்தது.

ஹனீப் டேப்பைச் சுருட்டி ஜெயராஜிடம் நீட்டினார். பிறகு தன் முறைக்குச் சுட்டார். குறி தப்பவில்லை. தப்பும்படி சொன்னால் இவர் கண்டுபிடித்துவிடுவார் என்று அவருக்குத் தெரியும். பெட்டியைக் கட்டி ஜெயராஜ் கையில் கொடுத்தார். டேப்பையும் உள்ளே போட்டிருந்தார்.

திங்கட்கிழமை லோகு கேட்டான். "இன்னாணா, ஜெயிச்சியா?"

"ஒரு இன்ச்சு."

"ஒரு இன்ச்சுதான? அவரு உட்டுருக்கலாமே."

"உட்டாரு" என்றார் ஜெயராஜ். "நான்தான் எடுத்துக்கல."

அடுத்த ஞாயிறு மதியம் கட்டிலில் பலகையைப் போட்டு, தலையணையைக் குன்றாக வைத்து, இரண்டு நிறத்தையும் தானே அடுக்கினார். சாம்பல் பீரங்கியிலிருந்து பார்த்து, ஒன்றைக் கழித்து, "பத்தொம்பது" என்று வாய்விட்டுச் சொன்னார். பிறகு டேப்பின் ஒரு முனையை இஸ்திரிப் பெட்டியின் கைப்பிடியில் மாட்டி, மறு முனையைத் தூக்கி, விறைப்பாகப் பிடித்தார்.

பத்தொன்பதுதான்.