ஒன்பதுக்கு மேல் எண்ணாத குரல்

அண்ணன் பட்டாளத்தில் சேர முடிவெடுத்தபோது, உடற்பயிற்சிக்கென்று எங்களிடம் இருந்தது ஒரு இரும்புக் குழாய் மட்டும்தான். அதுவும் எங்களுடையதல்ல. கருவடிக்குப்பத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்புறம், குளியலறைச் சுவருக்கும் மதிலுக்கும் குறுக்கே யாரோ எப்போதோ பதித்தது. அம்மா அதில் துணி காயப்போடுவாள்.

ஆள்சேர்ப்பு முகாமில் கம்பியில் தொங்கி, மோவாய் கம்பிக்கு மேலே வரும்வரை உடம்பை இழுக்க வேண்டும். பத்து எடுத்தால் முழு மார்க். எங்கள் குழாயோ தாழ்வானது. முழங்காலை மடக்கினால்தான் அண்ணனால் தொங்க முடியும். மேலே போனால் குளியலறையின் சிமென்ட் ஷீட்டில் தலை இடிக்கும். ஆகவே கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, கூடைக்குள்ளிருந்து கோழி எட்டிப் பார்ப்பதுபோல மேலே வருவான். எண்ணுவது என் வேலை. எனக்குப் பத்து வயது. பத்துவரை எண்ணுவதில் எனக்கு நல்ல தேர்ச்சி இருந்தது.

முதல் நாள் மாலையே என் வேலை பறிபோனது. முன்கட்டில் வீட்டுக்கார அம்மா தனியாக இருந்தார். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் தெருவே அவரை மதாம் என்றுதான் அழைக்கும். குழாய்க்கு எதிரே அவருடைய அறையின் பச்சை மரச் சன்னல் எப்போதும் மூடியே கிடக்கும். அண்ணன் முதல் தடவை மேலே வந்ததும் அதற்குள்ளிருந்து ஒரு குரல் பிரெஞ்சில் எண்ணியது.

"அன்... தெ... த்ருவா..."

அண்ணன் நான்கில் கீழே விழுந்தான். குரல் நிற்கவில்லை. ஒன்பதுவரை தனியாகப் போய் ஓய்ந்தது. பிறகு மெதுவாக, "ஆன்கோர்" என்றது. திட்டுகிறார் என்று நினைத்து ஓடிவந்துவிட்டோம்.

"அவங்க பையன் ழெரார், பிரான்சு பட்டாளத்துல சேந்து அங்கயே செத்துட்டான்டி," என்றாள் அம்மா. "அந்தக் கம்பி அவனுக்காகப் போட்டது. அவங்களுக்கு இப்பல்லாம் மறந்து மறந்து போவுது."

ஒரு வாரம் கழித்து அண்ணன் கடற்கரைக்கு ஓடப் போயிருந்த சமயம். துணி எடுக்க நான் மட்டும் பின்பக்கம் போனேன். சன்னலுக்குள் எண்ணிக்கை நடந்துகொண்டிருந்தது. குழாயில் ஒருவரும் இல்லை. ஆனால் எண்களுக்கு நடுவே சரியான இடைவெளி இருந்தது. ஒருவன் இறங்கி, மூச்சுவாங்கி, மறுபடி மேலே வர ஆகும் நேரம். ஏழுக்குப் பிறகு இடைவெளி நீண்டது. எட்டுக்குப் பிறகு இன்னும் நீண்டது. வெறும் குழாயைப் பார்த்தபடி என் கண்கள் மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தன. ஒன்பதாவதாக "நெஃப்" என்றதும் துணிகளை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

சொன்னபோது அண்ணன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "ஆன்கோர்னா 'இன்னொண்ணு'ன்னு அர்த்தமாம். கடையில ஒருத்தர்ட்ட கேட்டேன்," என்றான்.

மறுநாள் மாலை ஒன்பதுவரை வந்து, இரண்டு மூன்று நாளாக ஆவதுபோல அண்ணன் அப்படியே தொங்கினான். அவனும் ஒன்பதைத் தாண்டியதே இல்லை.

"ஆன்கோர்."

அவன் கழுத்து நரம்பு புடைத்தது. சிமென்ட் ஷீட்டில் தலை டங்கென்று மோதியது. அது பத்து. உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. நான் ஒருநாளும் திறந்து பார்த்திராத அந்தச் சன்னல் திறந்தது. மதாம் அண்ணனின் முகத்தைப் பார்க்கவில்லை. துரு படிந்திருந்த கைகளையே பார்த்தார்.

"போதும் ழெரார். கை கழுவிட்டு சாப்பிட வா."

"வரேம்மா," என்றான் அண்ணன்.

அவர் தலையாட்டிவிட்டுச் சன்னலைச் சாத்திக்கொண்டார்.

"நீ ஏன் அப்படி சொன்ன?" என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"சும்மா இரு."

முகாமில் அண்ணன் பத்தும் எடுத்தான். ஓட்டத்தில் பின்தங்கித் திரும்பி வந்தான். பிறகு சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். வேலை முடிந்து வந்ததும் சாப்பாட்டுத் தூக்கைக்கூட இறக்கி வைக்காமல் நேராகப் பின்பக்கம் போவான். பத்து எடுப்பான். சன்னல் திறக்கும். "வரேம்மா" என்பான். மதாமின் மகள் வந்து அவரைப் பிரான்சுக்கு அழைத்துப் போகும்வரை ஒரு நாளும் தவறவில்லை.

"இன்னொரு முகாம் வருதாண்ணா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஆமா, வருது."

பள்ளியில் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.